தொழுவத்துக் கல்

போன வாரம் மெர்ரனைக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தோம், நினைவிருக்கிறதா? மறந்திருந்தாலும் குற்றமில்லை. உங்களுக்கும் வாரம் முழுக்க ஆயிரம் வேலை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மெர்ரன் ட்ரெவர் கிர்க்வால் நகரத்தில் தொல்லியலில் முதுகலை படிக்கிறாள். மண்ணைத் தோண்டுகிற படிப்பு மட்டுமல்ல அது. தோண்டிக் கிடைத்தது யாருக்குச் சொந்தம், அதைக் காப்பதா விடுவதா என்று அங்கே வாழ்கிற சனங்களிடமே போய்க் கேட்கிற படிப்பு. கேட்பதற்குத் தோதாக அவள் அப்பா எர்லெண்டின் நிலத்திலேயே ஒரு இடம் இருந்தது. ஸ்வெய்ன்சே தீவில், ஹெல்கார்த் பண்ணையின் கடலோரத்தில், எல்லோரும் 'மேடு' என்று சொல்கிற புல்திட்டு. அதற்குள் கற்கால மனிதர் கட்டிய வீடு. கல் அடுப்பு, கல் கட்டில், கல் அலமாரி. ஐயாயிரம் வருஷம் தாங்கிய அந்த வீட்டைக் கடல் இப்போது ஓரத்திலிருந்து கடித்துத் தின்றுகொண்டிருக்கிறது.

வசந்தத்தில் மெர்ரன் தீவின் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டாள். காப்பாத்துங்க என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆகஸ்டில், பணம் கொடுக்கிற அறக்கட்டளை கடல்மதில் கட்ட முடியாது என்று கைவிரித்தது. மெர்ரன் அன்றே அப்பாவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். "ரொம்ப நல்லது குட்டி" என்றார் அவர். மனசைத் தேற்றிக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்து, அவள் அன்றைக்குக் கொஞ்சம் அழுதாள்.

இன்று மேட்டைப் பொதுமக்கள் பார்க்கிற நாள். அதற்காகத்தான் வருகிறாள்.

கப்பல் துறையில் ஜெஸ்ஸான் அத்தை காரோடு காத்திருந்தாள். எர்லெண்டின் தங்கை. மெர்ரனின் அம்மா போன பிறகு ஹெல்கார்த் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டவள். என்ஜினை அணைக்காமலே கதவைத் திறந்தாள்.

"ஏறு ஏறு. அணைச்சா அப்புறம் நீதான் தள்ளணும்."

"நல்லா இருக்கீங்களா அத்தை?"

"இருக்கேன். நீ எளச்சுப் போயிட்ட."

"போன மாசம் தோண்ட வந்தப்பதானே பார்த்தீங்க."

"அப்பவும் எளச்சுதான் இருந்த. டாக்டரம்மா பக்கத்துல நின்னாங்களேன்னு சொல்லல."

டாக்டரம்மா என்றால் டாக்டர் மாக்ரே, மெர்ரனின் ஆய்வை வழிநடத்துகிறவர். நேற்றே வந்து பள்ளிக்கூட விடுதியில் தங்கியிருந்தார்.

கார் மேட்டுநிலம் ஏறியது. அத்தை வழக்கமில்லாமல் மெதுவாக ஓட்டினாள். பிறகு, "உங்கப்பன் ஒரு காரியம் பண்ணி வச்சிருக்கான்" என்றாள்.

"என்ன காரியம்?"

"சொல்லக் கூடாதாம். உனக்கு ஆச்சரியமா இருக்கணுமாம். பைபிளைக் கொண்டாந்து என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். கோயிலுக்கே போகாத மனுஷன், பைபிள் எங்க இருந்துச்சுன்னே தெரியல."

"நல்ல காரியமா, கெட்ட காரியமா?"

"அவ வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அத்தை. கியரை மாற்றி வண்டியை விரட்டினாள்.

வளைவு திரும்பியதும் ஹெல்கார்த் தெரிந்தது. வீடு இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், பிறந்தது முதல் மெர்ரன் பார்த்துவந்த நீண்ட கல் தொழுவம் இருக்க வேண்டிய இடத்தில், கடல் தெரிந்தது.

எர்லெண்ட் முற்றத்தில் நின்றார். தலையில் புதுத் தொப்பி. கைவிரல்கள் எல்லாம் துணிக்கட்டு. பின்னால் மலைபோலக் கல். அதைக் குப்பையாகப் போடவில்லை. தரம் பிரித்து அடுக்கியிருந்தார்.

"மூலைக்கல்லு தனி, பாரு" என்றார். மகளைக் கட்டிப்பிடிக்கக்கூட நேரமில்லை அவருக்கு. "கூரையில இருந்த பலகைக்கல்லு இந்தப் பக்கம். நீளக்கல்லு எல்லாம் சுவரோரமா. ஒண்ணுகூட உடையல. கையாலதான் இறக்கினேன்."

"அப்பா, தொழுவத்தை ஏன்..."

"வெளியூர்க் கல்லு ஆகாதுன்னு நீதானே அன்னைக்கு ஊர் மன்றத்துல சொன்ன? பழசுக்குப் பக்கத்துல அதே ஊர்க் கல்லு, அதே மாதிரி வெட்டின கல்லு வேணும்னு. கரையில கிடக்கிற கல்லையும் எடுக்கக் கூடாதுன்னுட்ட. அப்புறம் நான் எங்க போவேன்? இது நம்ம பாறையில வெட்டினது. என் தாத்தா வெட்டினது. இதைவிடப் பொருத்தமா எவன் குடுப்பான்?" என்று சிரித்தார். "சரி, உங்க ஆளுங்க எப்ப வந்து பதிப்பாங்க?"

"எதைப்பா?"

"எதையா? கல்லைத்தான். பதிச்சுப் பாதுகாக்கப் போறாங்கன்னு போன்ல சொன்னியே."

மெர்ரன் கைப்பையைக் கீழே வைத்தாள்.

அவள் சொன்னது 'பதிவு செய்து பாதுகாத்தல்'. அவர்கள் தொழிலில் அப்படி ஒரு சொல் உண்டு. ஒரு இடத்தைக் காப்பாற்ற வழியில்லை என்று ஆனபின், அதைக் கல் கல்லாக அளந்து, வரைந்து, படம் எடுத்து, கிடைத்த பொருளைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய்விடுவார்கள். இடம் கடலுக்கு. படம் அலமாரிக்கு. அதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர். 'போய்விடும்' என்று அப்பாவிடம் சொல்ல அன்று அவளுக்கு வாய் வரவில்லை. படித்த சொல் ஒன்று கைக்கு எட்டியது, அதைச் சொல்லிவிட்டாள். ஸ்வெய்ன்சே காற்று போனில் இரண்டு எழுத்தைத் தின்றது. 'பதிவு செஞ்சு' அவருக்குப் 'பதிச்சு' என்று கேட்டது. கல்லோடு பிறந்து கல்லோடு வளர்ந்த மனுஷனுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

"அப்பா, உக்காருங்க."

"ஏன்? நின்னுட்டே கேக்குறேனே."

சொன்னாள். இந்தத் தடவை எளிய சொற்களில் சொன்னாள். மதில் கிடையாது. யாரும் கல் பதிக்க வரமாட்டார்கள். இந்த மாதக் கடைசி வரை வரைவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள்.

எர்லெண்ட் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"வரஞ்சா வீடு இருக்குமா?"

"இருக்காதுப்பா."

"படம் இருக்கும்."

"ஆமா."

"அதுக்குப் பேரு பாதுகாப்பு."

"ஆமாப்பா."

மெர்ரன் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் அந்தக் கையால் கல் அடுக்கின் மேலிருந்த ஒரு பலகைக்கல்லைச் சரியாகத் தள்ளி வைத்தார். அது முன்னமே சரியாகத்தான் இருந்தது.

"குளிருக்கு மாட்டை எங்கப்பா கட்டுவீங்க?"

"மதிலு போக மிச்சக் கல்லுல கொட்டாய் போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றார். "சரி, போ. வந்தவங்களுக்கு டீ குடு. உங்கத்தை தனியா நிப்பா."

அன்று மத்தியானம் தீவே மேட்டில் இருந்தது. கூடாரத்தில் ஜெஸ்ஸான் அத்தையின் பார்லி ரொட்டியும் பாலாடைக்கட்டியும். மெர்ரன் தோண்டிய குழியின் ஓரத்துப் பலகை மேல் நின்று ஆட்களைச் சிறு கூட்டமாக அழைத்துப் போனாள். அடுப்பைச் சுற்றி நான்கு கல் சட்டம். அதற்குள் புல்மண் கட்டி எரித்த சாம்பல், நேற்று அணைத்தது போல இன்னும் சிவப்பு. இன்னும் அவள் அதை வரைந்து முடிக்கவில்லை. அடுப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மேசை அகலம் மண்தான் பாக்கி.

"என் வீட்டு அடுப்பைவிட நல்லா இருக்கே" என்றார் பக்கத்துப் பண்ணை டாமி ரெண்டல். "வாடகைக்கு விடுவாங்களா?"

"கடல் பக்கம் காத்தோட்டம் ஜாஸ்தி மாமா. ராத்திரி குளிரும்."

"என் பொண்டாட்டிக்குப் பக்கத்துல படுத்துட்டு, நான் குளிருக்குப் பயப்படவா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெர்ரனும் சிரித்தாள். அவள் கண் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் கம்பிவேலியில் சாய்ந்து நின்ற அப்பாவிடம் இருந்தது.

டாக்டர் மாக்ரே பேச எழுந்தார். நல்ல பெண்மணி அவர். நான் அவரைக் கெட்டவராகக் காட்டப்போவதில்லை. பொய் சொல்லாதவர். மதில் இல்லை என்பதை மூடிமறைக்காமல் சொன்னார். பதிவு செய்து பாதுகாப்பது என்றால் என்னவென்று விளக்கினார். இந்தத் தீவு மக்கள் கொடுத்த ஒத்துழைப்பைப் போல எங்கும் கண்டதில்லை என்று நன்றி சொன்னார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

"ஒண்ணு இருக்கு" என்றார் எர்லெண்ட்.

கூட்டம் திரும்பியது.

"கரை சரியாம இருக்க என் அப்பா பழைய கலப்பை, கம்பிவேலி, ஓடாத டிராக்டர் எல்லாத்தையும் இங்க கொட்டி வச்சிருந்தாரு. பாக்க அசிங்கம்தான். ஆனா பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதை எடுக்கச் சொன்னீங்க. எடுத்தேன். அப்புறம் என்ன வேணும்னு கேட்டீங்க. வீடு வீடா வந்து கேட்டீங்க. நாங்களும் சொன்னோம்." குரலை உயர்த்தவே இல்லை அவர். "முடியாதுன்னா எதுக்குக் கேட்டீங்க?"

டாக்டர் மாக்ரே கையிலிருந்த தாளை மடித்தார். பிறகு, "உங்க கருத்து முழுசா பதிவாகியிருக்கு எர்லெண்ட்" என்றார்.

"ஓ" என்றார் அவர். "அதுவும் பதிவா?"

டாமி ரெண்டல் சிரிக்க வாயெடுத்து, சுற்றிலும் பார்த்து, மூடிக்கொண்டார். எர்லெண்ட் வேலியைத் தாண்டி வயலுக்குள் நடந்து போனார்.

சாயங்காலத்துக்குள் காற்று தென்கிழக்குக்கு மாறியது. அந்தப் பக்கக் காற்றுதான் மேட்டுக்கு எமன். கடைசிக் கப்பல் வராது என்று துறையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கூடாரத்தைச் சுருட்டி, தோண்டிய குழிக்கு மேல் தார்ப்பாய் கட்டி, மணல்மூட்டை வைத்தார்கள். விடுதிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்த டாக்டர் மாக்ரேயை, ஜெஸ்ஸான் அத்தை ஹெல்கார்த்துக்கே கூட்டிவந்துவிட்டாள்.

முற்றத்தில் கார் நின்றபோது மூவரும் அதைப் பார்த்தார்கள். காற்றுக்குப் பயந்து மாடுகள் வயலிலிருந்து தானாக இறங்கி வந்திருந்தன. தொழுவம் இருந்த இடத்தில், வெறும் தரையில், அதது தன் தன் கட்டு இடத்தில், இல்லாத சுவருக்கு முகத்தைக் காட்டி வரிசையாக நின்றன. மழை சாய்வாக அடித்தது. ஒன்றும் நகரவில்லை.

டாக்டர் மாக்ரே கார்க் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இது எதுக்காக இடிச்சது?" என்றார்.

மெர்ரன் சொன்னாள். இரண்டு எழுத்து போனில் தொலைந்ததையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அடுப்படியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் மாக்ரே கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"மெர்ரன், இதை நீ எழுதணும்."

"எதை?"

"தொழுவத்தை. நாம பேசுற பாஷை அவங்களுக்கு எப்படிப் போய்ச் சேருது, அதனால என்ன ஆகுதுன்னு. மத்த அத்தியாயம் எல்லாம் சுமார்தான்மா. இது ஒண்ணுதான் உன் ஆய்வுலயே உண்மையான கண்டுபிடிப்பு."

"அவர் என் அப்பா."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். வேற எவனும் இந்தத் தப்பைப் பண்ணாம இருக்கணும்னா எழுதித்தான் ஆகணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை, பாருங்கள். அதுதான் மெர்ரனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வாசலில் எர்லெண்ட் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் குளம் கட்டியிருந்தது.

"எழுதட்டும்" என்றார். "என் பேரைப் போடுவீங்களா?"

"பேர் போட மாட்டோம்பா" என்றாள் மெர்ரன். "யாருன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு விதி. பங்கேற்பாளர் ஏழுன்னு வரும்."

"பங்கேற்பாளர் ஏழு" என்று சொல்லிப் பார்த்தார். "பங்கேற்பாளர் ஏழு தன் தொழுவத்தை இடிச்சான். இந்தத் தீவுல யாருக்கும் அது யாருன்னு தெரியாது, இல்ல?"

ஜெஸ்ஸான் அத்தை பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று மெர்ரனுக்குத் தெரியவில்லை.

"கஞ்சி குடிச்சிட்டுப் போண்ணே."

"மாட்டை டாமி கொட்டாய்க்கு ஓட்டிட்டு வரேன். அவன் இடம் தரேன்னான்" என்று எர்லெண்ட் வெளியே போனார்.

மாடுகளை ஓட்டிப் போனது உண்மைதான். போனவர் திரும்பி வந்ததும் உண்மை. உள்ளே மட்டும் வரவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு என்ஜின். அது கடற்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது. பிறகு, காற்றையும் மீறி, நீளமான ஒரு சரிவுச் சத்தம்.

டாக்டர் மாக்ரே நிமிர்ந்தார்.

"என்ன அது?"

"கடல்" என்றாள் ஜெஸ்ஸான் அத்தை.

"ஜெஸ்ஸான், நான் பாதி வாழ்க்கையைக் கடலோரத்துல கழிச்சவ. கடல் கியர் மாத்தாது."

"இந்தக் கடல் மாத்தும்" என்றாள் அத்தை.

டாக்டர் மாக்ரே எழுந்து மழைக்கோட்டைத் தேடினார். கொக்கியில் அது இல்லை. அதன் மேல்தான் அத்தை உட்கார்ந்திருந்தாள், எழுந்திருப்பதாகவும் தெரியவில்லை.

"மெர்ரன்" என்றார் அவர். கோபமில்லாமல் பேசினார், அதனால் இன்னும் மோசமாக இருந்தது. "அது சட்டத்தோட காவல்ல இருக்கிற இடம். அனுமதி இல்லாம ஒரு கல்லு மேல விழுந்தாலும் குத்தம். நீ போய் நிறுத்து. நீ நிறுத்தலைன்னா, காலைல நான் மேலிடத்துல சொல்லியாகணும். சொன்னா உங்கப்பா பேரோட உன் பேரும் சேர்ந்து போகும். அதுக்கப்புறம் உனக்கு எவனும் ஒரு மண்வெட்டிகூடக் கையில குடுக்க மாட்டான்."

"தெரியும்."

"அடுப்பு வேற அங்க இருக்கு."

"அதுவும் தெரியும் டாக்டர்."

கோட்டு போடாமலே வெளியே போனாள்.

போகும்போது மனசுக்குள் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது அவளுக்கு. கரைக்கு முட்டாக அப்பா கொட்டுகிற தொழுவத்துக் கல் தார்ப்பாய்க்கு மேல் விழுந்தால் அடுப்பின் நான்கு சட்டமும் நொறுங்கும். அவள் வரையாத பாதி இனி யாராலும் வரையப்படாது. கல் விழாவிட்டால் இந்தக் காற்றே அதைக் கொண்டுபோகும். விழுந்த கல்லும் பதிக்காத கல். வெறுமனே கொட்டிய குவியல். இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது. வசந்தத்தில் மேடும் இருக்காது, தொழுவமும் இருக்காது, அப்பாவின் பெயருக்கு ஒரு வழக்கு மட்டும் இருக்கும். ஏதாவது ஒன்று மிஞ்சுகிற மாதிரி ஒரு வழியை அவள் தேடிப் பார்த்தாள். படித்ததில் எல்லாம் தேடினாள்.

முற்றத்துக்கும் கரை வயலுக்கும் நடுவே ஓர் இரும்பு வாயிற்கதவு. ஹெல்கார்த்தில் அதைத் திறந்து போடும் வழக்கமே கிடையாது. ஒவ்வொரு நடைக்கும் இறங்கி, திறந்து, வண்டியை விட்டு, மறுபடி இறங்கிச் சாத்த வேண்டும். அப்பா இரண்டாவது நடைக்கு டிராக்டரில் கல் ஏற்றிக்கொண்டு வந்தார். விளக்கு வெளிச்சத்தில், கதவுக்கு முன்னால் மகள் நிற்பதைப் பார்த்தார். வண்டியை நிறுத்தினார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை விளக்கின் குறுக்கே ஓடியது.

"நிறுத்த வந்தியா?" என்று கேட்டார். என்ஜின் சத்தத்தில் அவள் அதை உதட்டில்தான் படித்தாள்.

மெர்ரன் திரும்பிக் கொக்கியைத் தூக்கினாள். காற்றுக்கு எதிராகக் கதவு வர மறுத்தது; தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தாள்.

எர்லெண்ட் உடனே நகரவில்லை. கை ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தது. வீட்டுச் சன்னலில் டாக்டர் மாக்ரேயின் உருவம் நின்றது. அதை அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

"தள்ளி நில்லு குட்டி" என்று கத்தினார். "கல்லு சரியும்."

வண்டி அவளைக் கடந்து இருட்டுகிற கரைக்கு இறங்கியது. சரிவுச் சத்தம் மறுபடி வந்தது. அதற்குள்ளே வேறொரு சத்தம், மெலிசாக, பலகைக்கல் முறிகிற மாதிரி. அது மேலே விழுந்த கல்லா, கீழே இருந்த கல்லா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முற்றத்தில் இன்னும் நிறையக் கல் இருந்தது. கதவைச் சாத்தாமல், பிடித்துக்கொண்டே நின்றாள்.